வானொலியில் மாறும் குரல்கள், மாறும் நேயர்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களின் கருத்து தேவை

பாலக்கோடு உரக்கடை:

இரு மாவட்ட நண்பர்களுக்கும் வணக்கம். அகில இந்திய வானொலியைப் பற்றி இங்கே அவ்வப்போது ஒரு வரி புலம்பிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒருமுறையாவது நிதானமாகப் பேசலாமே என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். என் கடையில் காலையில் ஷட்டரைத் தூக்கியது முதல் இரவு அடைக்கும் வரை வானொலி ஓடிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் அறிவிப்பாளர் வாயைத் திறந்தவுடனேயே இன்னார் என்று கடைப் பையன் சொல்லிவிடுவான். இப்போது ஒரு குரல் பழகுவதற்குள் வேறொரு குரல் வந்துவிடுகிறது. இளைஞர்கள் வருவதில் எனக்குக் குறையொன்றும் இல்லை; அவர்களில் சிலர் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் நேற்று வந்தவர் மறுபடி என்றைக்கு வருவார் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

குரல்கள் இப்படி மாறிக்கொண்டே இருந்ததால்தான் நேயர்கள் விலகினார்களா, அல்லது நேயர்கள் விலகியதைப் பார்த்துக் குரல்களைப் பற்றிய அக்கறையும் மேலிடத்தில் குறைந்துபோனதா? இன்றைக்கு நம் தருமபுரி வானொலி நிலையத்தின் பண்பலை 102.5-ஐக் கேட்பவர்கள் உண்மையில் யார் யார்? அவரவர் ஊர் நிலவரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒசூர் இரவு ஷிப்ட்:

அண்ணா, வணக்கம். பழைய குரல்களை நினைத்து ஏங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒசூரில் இருப்பவர்களுக்கு வானொலி என்றாலே பெங்களூரு அலைவரிசைகள்தாம். நாட்டின் முதல் தனியார் பண்பலை 2001-இல் பெங்களூருவில்தான் தொடங்கியது. எனவே உங்களுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் காதுகள் மாறிவிட்டன. கம்பெனிப் பேருந்தில் ஓட்டுநர் வைக்கும் நிலையத்தைத்தான் ஐம்பது பேரும் கேட்கிறோம். என்னுடன் வேலை செய்பவர்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். அவர்கள் கைப்பேசிச் செயலியில் விவித் பாரதி கேட்கிறார்கள். தருமபுரி நிலையத்தின் குரல் மாறியதா இல்லையா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தக் காலத்து நேயர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். இந்தக் காலத்து நேயர் ஓடிக்கொண்டே கேட்கிறார். அவ்வளவுதான் வேறுபாடு.

அரூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் நேயர்கள் விலகிப்போவது ஏதோ கைப்பேசியோடு வந்த புதிய நோய் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. இதே வானொலி அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை நேயர்களைப் பெருந்திரளாக இழந்திருக்கிறது. பி.வி. கேஸ்கர் 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானதும் திரைப்பாடல்கள் தரக்குறைவானவை என்று கருதி அவற்றின் நேரத்தை வெட்டிச் சுருக்கினார். கேட்பவர்கள் சும்மா இருக்கவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டது. அதன்பிறகு கணிசமான நேயர்கள் திரும்பியும் வந்தார்கள். போனவர்கள் திரும்புவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் மாவட்டத்துக்குச் சொந்த நிலையம் இல்லாத காலத்தை இங்குள்ள பலர் அறியமாட்டார்கள். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரிக்குள்தான் இருந்தது. 1939-இல் தொடங்கப்பட்ட திருச்சி நிலையம் 936 கிலோஹெர்ட்ஸில் வரும். பெங்களூரு 612-இல் வரும். இரண்டுக்கும் நடுவே காற்று அனுமதித்தால் சென்னையும் கோவையும் வரும். திருச்சி பேசியது காவிரிப் பாசன நிலத்துக்காக, நாமோ மானாவாரி நிலத்துக்காரர்கள். ஆகவே நமக்கென்று ஒரு பண்பலை வந்தபோது ஏற்பட்ட நெருக்கத்துக்கு, குரல் இனிமை காரணம் என்பதைவிட, அரூரையும் பாப்பிரெட்டிப்பட்டியையும் பெயர் சொல்லி அழைக்க ஒருவர் கிடைத்தார் என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கை வானொலியில் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரை நேயர்கள் பெயரிட்டு அறிந்திருந்தார்கள். நம் அகில இந்திய வானொலியிலோ நிகழ்ச்சி அறிவிப்பாளர் தம் பெயரைச் சொல்வது பெரும்பாலும் வழக்கத்தில் இல்லை. செய்தி வாசிப்பவர் மட்டுமே சொல்லிக்கொள்வார். தில்லியிலிருந்து காலை 7.15 மணிக்குச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் பெயர் படிப்பறிவில்லாத வீடுகளிலும் தெரிந்திருந்ததற்கு அதுவே காரணம். அவர் 2022 ஆகஸ்டில் மறைந்தபோது, முகத்தைப் பார்த்தே இராத எத்தனை பேர் வருந்தினார்கள் என்பதை நாமே கண்டோம். பெயர் தெரியாத அறிவிப்பாளரையும்கூடக் குரலால் அறிந்துகொண்டோம் என்றால், அவர் அதே நேரத்தில் மீண்டும் மீண்டும் வந்தார் என்பதுதான் பொருள். இன்று நாம் இழந்தது அந்த மீள்வருகையை.

காரிமங்கலம் தையல்காரர்:

ஐயா மன்னிக்கவும், நான் கொஞ்சம் எதிராகப் பேசப் போகிறேன். தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தால் என் கண்ணும் கையும் துணியில் இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கும். எனவே நாள் முழுவதும் வானொலி கேட்பவர்களைக் கணக்கெடுத்தால் என்னைப் போன்றவர்களைத்தான் முதலில் எண்ண வேண்டும். நான் சேலத்துத் தனியார் பண்பலைகளுக்கு மாறியதற்குக் காரணம் குரல் மாறியது அல்ல. அரசு வானொலியில் பேசுபவர் என்னிடம் பேசுவதுபோல எனக்கு எப்போதுமே தோன்றியதில்லை. எழுதிவைத்ததை வாசிக்கிறார், பாட்டைப் போடுகிறார், அடுத்த நிகழ்ச்சிக்குப் போகிறார். தனியார் நிலையத்தில் அரட்டை அதிகம்தான், விளம்பரமும் அதிகம்தான். ஆனாலும் ஒரு ஆள் கூடவே இருக்கிற உணர்வு கிடைக்கிறது. செய்தி வேண்டுமென்றால் மட்டும் மாலை 6.30-க்கு மாநிலச் செய்திக்காக இந்தப் பக்கம் வருவேன். ஏனெனில் தனியார் பண்பலைகளுக்குச் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:

தையல்கார அண்ணன் பாட்டுக்காகக் கேட்கிறார், அவர் கருத்து அவருக்குச் சரி. எங்களைப் போன்றவர்கள் வேறு தேவைக்காகக் கேட்கிறோம் என்பதால் அறிவிப்பாளரின் தரம் எங்களுக்கு வேறு வகையில் முக்கியமாகிறது.

1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் தஞ்சாவூர்ப் பகுதி உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். விதை பற்றியும் உரம் பற்றியும் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே அந்த ரகம் பரவியதால் வந்த பெயர் அது. 1966 முதல் வானொலி நிலையங்களில் வேளாண் ஒலிபரப்புக்கென்றே தனிப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. அந்தப் பிரிவுகளில் இருந்தவர்களுக்கு மண் தெரியும். ‘இன்று ஒரு தகவல்’ மூலம் தமிழ்நாடே அறிந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன்கூட அடிப்படையில் வேளாண் பட்டதாரி. திருநெல்வேலி வானொலியில் தொடங்கிச் சென்னைக்குப் போனவர். அவர் கதை சொன்ன விதத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். எவருக்காகச் சொல்கிறோம் என்பதை அவர் வயற்காட்டில் கற்றுக்கொண்டார் என்பதை யாரும் சொல்வதில்லை.

இப்போது நிலைமை என்ன? எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பையூரில் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வல்லுநர்கள் வானொலியில் பேசுகிறார்கள், பயனுள்ளதைத்தான் பேசுகிறார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே அந்தப் பேச்சு எங்கள் தோப்புக்குள் வருவதும் வராததும். மா பூக்கும் தை, மாசியில் தத்துப்பூச்சி பற்றி வல்லுநர் பேசும்போது, விவரமறிந்த அறிவிப்பாளராக இருந்தால் ‘பெங்களூராவுக்கும் அல்போன்சாவுக்கும் ஒரே அளவுதானா? பூ விரிந்த பிறகு மருந்து அடித்தால் காய்ப்பிடிப்புக் குறையாதா?’ என்று இடைமறித்துக் கேட்பார். கையில் கொடுத்த தாளில் உள்ள வினாக்களை வரிசையாக வாசிப்பவராக இருந்தால், வல்லுநர் ‘பரிந்துரைக்கப்பட்ட அளவில் தெளிக்கவும்’ என்று முடித்துக்கொள்வார். நேற்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர் என்று வந்தால் யாருக்கு இந்த விவரம் படியும்?

முன்னாள் தற்காலிக அறிவிப்பாளர்:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எந்த நிலையம் என்று சொல்ல விரும்பவில்லை, ஆனால் உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைத் தெளிவுபடுத்தலாம்.

நீங்கள் கேட்கும் குரல்களில் பெரும்பாலானவை நிரந்தர ஊழியர்களுடையவை அல்ல. பணி ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நெடுங்காலமாக நிரப்பப்படாமலே இருப்பதால், ஒலிபரப்பின் பெரும்பகுதியைத் தற்காலிக அறிவிப்பாளர்களே நடத்துகிறார்கள். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, ‘வாணி’ என்ற சான்றிதழ்ப் பயிற்சி ஆகிய மூன்றையும் கடந்த பிறகுதான் பட்டியலில் பெயர் ஏறும். ஏறிய பிறகும் ஒருவருக்கு மாதத்துக்கு ஆறு முறைக்கு மேல் பணி தரப்படாது. தொடர்ச்சியாகப் பணியாற்றினால் நிரந்தரம் கேட்கும் உரிமை வந்துவிடும் என்ற அச்சமே இந்த வரம்புக்குக் காரணம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். பல மாநிலங்களில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இனி நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்குக் காலை, பகல், மாலை என மூன்று பணிநேரங்கள் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 90. ஆளுக்கு ஆறு என்றால் 15 பேர் வேண்டும். இந்த 15 பேரும் சுழற்சியில் வருவதால், ஒருவர் இந்த வாரம் காலையில் வந்தால் அடுத்த முறை இரவில் வரக்கூடும். காலையில் மட்டும் கேட்கும் ஒரு நேயருக்கு என் குரல் மாதத்தில் இரண்டு முறை கிடைத்தாலே அதிகம். பாலக்கோட்டு அண்ணன் கடையில் என் குரலை எவரும் அடையாளம் காணாததில் வியப்பு என்ன இருக்கிறது? காரிமங்கலத்து அண்ணன் ‘எழுதிவைத்ததை வாசிக்கிறார்’ என்கிறார். மாதத்தில் ஆறு நாள் வருபவர், போன முறை தொலைபேசியில் பேசிய நேயரின் மகளுக்குத் திருமணம் முடிந்ததா என்று எப்படிக் கேட்பார்? அந்த அழைப்பை எடுத்தவர் வேறொருவர்; அவர் எதையும் குறித்து வைத்திருக்கமாட்டார், குறித்து வைக்கும் வழக்கமும் இல்லை.

ஆறு பணிகளின் ஊதியத்தில் குடும்பம் நடத்த முடியாது என்பதால் எல்லாருக்கும் வேறு வேலை இருக்கும். நான் தனியார் பள்ளியில் பாடம் நடத்தினேன். என்னோடு இருந்தவர்களில் காப்பீட்டு முகவர் உண்டு, மேடைப் பாடகர் உண்டு, முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் வேறு இடம் கிடைத்ததும் போய்விடுவார்கள். பட்டியலில் புதியவர்கள் ஏறுவார்கள். நேயர்களுக்கு இது ‘இளைஞர்களுக்காக வானொலி தன்னை மாற்றிக்கொள்கிறது’ என்பதுபோலத் தோன்றலாம். அப்படி ஒரு திட்டம் தீட்டப்பட்டு நடந்த மாற்றமாக எனக்கு ஒருபோதும் படவில்லை. ஆள் எடுக்கும் முறை அப்படி இருந்ததால் குரல்கள் அப்படி ஆயின.

பாலக்கோடு உரக்கடை:

அம்மா, இந்த ஒரு பதிவுக்காகவே இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை. மாதத்துக்கு ஆறு என்ற வரம்பு எனக்கு இதுவரை தெரியாது. அப்படியென்றால் ஒரு சிறிய சந்தேகம்: ஆறு பணிகளையும் ஒரே நிகழ்ச்சிக்கு, ஒரே நேரத்துக்குக் கொடுத்தால் என்ன? வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் மாலை என்றால் இன்னார்தான் என்று எங்களுக்குத் தெரிந்துவிடுமே. வரம்பையும் மீற வேண்டியதில்லை, கூடுதல் செலவும் இல்லை.

முன்னாள் தற்காலிக அறிவிப்பாளர்:

செய்யலாம் அண்ணா. வேறு வேலை பார்ப்பவர்களுக்கு எல்லா வாரமும் அதே நாள் ஒத்துவராது என்பதுதான் சிக்கல். ஆயினும் வேளாண் நிகழ்ச்சிக்கும் தொலைபேசி வழி நேயர் விருப்பத்துக்குமாவது நிலையான குரல்கள் வேண்டும் என்று நேயர்கள் எழுதிக் கேட்டால் அதற்கு மதிப்பு இருக்கும். நேயர் கடிதத்தை நிலையத்தில் படிப்பார்கள். நீங்கள் நினைப்பதைவிடக் கவனமாகவே படிப்பார்கள்.

தேன்கனிக்கோட்டை மலையடிவாரம்:

குரலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்களுக்கு அலை வந்து சேர்வதே முதல் கேள்வி. மத்திய அலை தரையைத் தழுவிப் போகும், இரவில் வானத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்திலும் இறங்கும். பண்பலை அப்படி இல்லை. கோபுரத்துக்கும் உங்கள் பெட்டிக்கும் நடுவே மலை வந்தால் அதன் மறைவில் இருப்பவருக்கு இரைச்சல்தான் மிஞ்சும். அஞ்செட்டிப் பக்கம் பல ஊர்களுக்கும், அரூர் வட்டத்துச் சித்தேரி மலைக்கும் இது பொருந்தும். ‘செயலியில் கேளுங்கள்’ என்று எளிதாகச் சொல்கிறார்கள். கைப்பேசிச் சமிக்ஞையே கிடைக்காத ஊரில் செயலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புதிய கைப்பேசிகள் பலவற்றில் பண்பலை வசதியும் இருப்பதில்லை. அந்த வசதியை முடக்க வேண்டாம் என்று 2023-இல் ஒன்றிய அரசே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கன்னடம் பேசுகிறோம், சந்தையில் தமிழ், உறவினர் வீட்டில் தெலுங்கு. தளி, பாகலூர், பேரிகைப் பக்கமெல்லாம் இப்படித்தான். எனவே எங்கள் அப்பா பெங்களூரு 612-இல் வேளாண் நிகழ்ச்சி கேட்டுவிட்டுத் தமிழ்ப் பாட்டுக்கு இந்தப் பக்கம் திருப்புவார். ‘நேயர்’ என்றதும் ஒரே மொழி பேசும் ஒரே வகை மனிதரை மனத்தில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சி தயாரித்தால் எங்களில் பாதிப் பேர் அந்தக் கணக்கில் வரமாட்டோம்.

குளிர்காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எங்கள் ராகி வயல்களுக்கு இறங்குகின்றன. இன்று எந்தக் காட்டுப் பகுதியில் நிற்கின்றன என்று மாலையில் ஒரு நிமிடம் சொன்னால், குரல் புதியதா பழையதா என்று இங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். எல்லாரும் பெட்டியைத் திருப்புவார்கள்.

ஒசூர் இரவு ஷிப்ட்:

தேன்கனிக்கோட்டை அண்ணன் சொன்னதோடு இன்னொரு கூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொப்பூர் கணவாயிலிருந்து ஒசூர் வரை தேசிய நெடுஞ்சாலை 44; கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலையும் வந்து சேர்கிறது. இரவு பகலாக லாரிகளும் கார்களும் போய்க்கொண்டே இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு வானொலி இருக்கிறது. இந்த ஓட்டுநர்கள் நம் நிலையத்தின் எல்லைக்குள் ஒன்றிரண்டு மணி நேரம்தான் இருப்பார்கள். நாளைக்கு யார் பேசுவார் என்பது அவர்களுக்குத் தேவையில்லை, தொப்பூர் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து பாதை அடைபட்டிருக்கிறதா என்பது தேவை. ஆக, ஆசிரியர் ஐயா சொல்லும் மீள்வருகை உள்ளூர் நேயருக்குப் பொருந்தும், வழிப்போக்கருக்குப் பொருந்தாது. இரண்டு கூட்டங்களையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பதே என் வாதம்.

அரூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்:

ஏற்கிறேன் தம்பி. ஆனால் தொப்பூரில் பாதை அடைபட்டது என்று உடனே சொல்ல வேண்டுமானால், சொல்லும் இடத்தில் ஒரு உள்ளூர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா? சென்னையிலிருந்தோ தில்லியிலிருந்தோ வாங்கி மறுஒலிபரப்பாகும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் யார் சொல்வார்கள்? செலவு குறைக்க வேண்டும் என்று எண்ணும் எந்த நிர்வாகத்துக்கும் முதலில் கண்ணில் படுவது சிறு நிலையங்களின் சொந்த நேரம்தான். தேசிய அலைவரிசையையே 2019 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் எவரும் கருத்துக் கேட்டதாக நான் அறியவில்லை. உங்கள் வழிப்போக்கருக்கும் எங்கள் பழைய நேயருக்கும் தேவைப்படுவது இறுதியில் ஒன்றுதான்: ஒலிவாங்கி முன்னால், இந்த மாவட்டத்தை அறிந்த ஒருவர்.

காரிமங்கலம் தையல்காரர்:

அறிவிப்பாளர் அம்மாவின் கணக்கைப் பார்த்த பிறகு என் குற்றச்சாட்டைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறேன். ஆனாலும் மாதத்துக்கு ஆறு நாள் வந்தாலும் சிரித்துப் பேசலாம். அதற்கு விதி ஒன்றும் தடை இல்லை.

பாலக்கோடு உரக்கடை:

சரி, எழுதிக் கேட்பது என்று முடிவு செய்வோம். நிலைய இயக்குநருக்கு ஒரே கடிதம், கையெழுத்து இடக்கூடியவர்கள் இடலாம். இதுவரை வந்தவற்றில் நான் குறித்துக்கொண்டவை: வேளாண் நிகழ்ச்சிக்கும் நேயர் விருப்பத்துக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட அறிவிப்பாளர், அவர்கள் தம் பெயரைச் சொல்லித் தொடங்குவது, குளிர்காலத்தில் வனத்துறையிடம் கேட்டு யானை நடமாட்ட அறிவிப்பு, தொப்பூர் சாலை நிலவரம், ஒகேனக்கல் நீர்வரத்து எத்தனை கன அடி என்பதை மழைக்காலத்தில் காலையிலும் மாலையிலும் சொல்வது. மலை மறைவில் உள்ள ஊர்களின் பெயர்ப் பட்டியலைத் தேன்கனிக்கோட்டை நண்பர் தந்தால் இணைத்துவிடலாம். விடுபட்டது ஏதேனும் உண்டா?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:

தக்காளி விலையைச் சேருங்கள் அண்ணா. ராயக்கோட்டையிலும் உங்கள் பாலக்கோட்டிலும் ஒரு பெட்டி என்ன விலைக்குப் போகிறது என்பதை, பறிப்பதா செடியிலேயே விடுவதா என்று தோட்டக்காரர் முடிவு செய்வதற்கு முன்பு சொல்ல வேண்டும். மண்டி முடிந்து, வண்டி திரும்பிய பிறகு மதியத்தில் சொல்வதானால் அந்த வரியைக் கடிதத்தில் எழுதவே வேண்டாம்.